கோணான்குப்பத்துப் பெரியநாயகி கோயில்

பெருங்கோயில்கள் தம் வரலாற்றைத் தாமே எடுத்துரைக்க வல்லன. வானளாவிய கோபுரமும், சுவரெங்கும் வெட்டிய சாசனங்களும், ஆண்ட அரசர் பெயரும் யாண்டும் காண்பார்க்கு விடை பகரும். தில்லைக் கோபுரங்கள் கண்ணிற்படும் அண்ணாமலைநகரில் வளர்ந்த எனக்கு இவ்வுண்மை இளமையிலேயே தெரிந்ததொன்று. சிற்றூர்களிலுள்ள சிறு கோயில்களோ அங்ஙனம் பேசமாட்டா. அவற்றின் வரலாறு முதியோர் நாவில் உளது. ஆண்டுதோறும் நிகழும் விழாவில் உளது. சிலபோது ஒரே ஒரு பெயரில் மறைந்து உளது. அத்தகைய சிறு கோயில் ஒன்றைப்பற்றி நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டுச் சில கூற விழைகின்றேன். தமிழ் பயிலும் மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் அக்கோயிலில் ஓர் உரிமை உண்டு. அவ்வுரிமை பற்றி ஒரு கடனும் உண்டு என்பதே யான் சொல்லப் புகுவது.

ஊரும் வழியும்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திற்கு அப்பால், மங்கலம்பேட்டைப் பக்கத்தில், முகாசாபரூரை அடுத்துள்ள சிற்றூர் கோணான்குப்பம். 1993-ஆம் ஆண்டில் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்படுமுன் அதுவும் அம்மாவட்டத்துள் அடங்கியிருந்தது. சென்ற விடுமுறையில் வகுப்புத் தோழர் ஒருவர் எம் இல்லத்திற்கு விருந்தாக வந்திருந்தார். அவரும் யானும் ஒரு நாள் காலையில் சிதம்பரத்தினின்று புறப்பட்டோம். புவனகிரியருகே வெள்ளாற்றைக் கடந்து, சேத்தியாத்தோப்பின் வழியாக மேற்கு நோக்கிச் செல்லச் செல்ல, நெல் வயல்கள் குறைந்து செம்மண் நிலமும் முந்திரித் தோப்பும் கண்ணிற்பட்டன. மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தாசலத்தில் வண்டி மாறி, நண்பகற்குள் ஊரை அடைந்தோம்.

ஊர் சிறிது, ஆயினும் அதன் பெயர் நெடுந்தொலைவு சென்றுளது. சனவரித் திங்களில், பொங்கற் பண்டிகையை ஒட்டி அங்கு நிகழும் திருவிழாவிற்குப் பல ஊர்களினின்றும் மக்கள் திரளுவர். புதுவை கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது அக்கோயில். அடியேன் வேறு சபையினன். எங்கள் ஆலயத்தில் திருவுருவங்கள் வைத்து வணங்கும் வழக்கம் இல்லை. ஆதலின் வழிபடுவோனாக அன்றித் தமிழ் மாணாக்கனாகவே அங்குச் சென்றேன். சென்ற காரணம் ஒன்றே. அக்கோயிலை எடுத்தவர் தேம்பாவணி ஆசிரியராகிய வீரமாமுனிவர்.

முனிவர் வரவு

கொன்சுதாந்தீன் யோசேப்பு பெசுகி என்னும் இயற்பெயர் கொண்ட அப்பெரியார் 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், இத்தாலி நாட்டில் மாந்துவாவைச் சார்ந்த காசுத்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்து, 1710-இல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணி நாட்டை எய்தினார். முப்பது வயது கடந்தபின் அவர் முதன்முதற் கற்கத் தொடங்கிய மொழி நம் மொழி. பதினைந்து ஆண்டுகள் கழியுமுன் அம்மொழியிற் பெருங்காப்பியம் ஒன்று இயற்றி முடித்தார். நம்முள் ஐந்து வயது முதல் தமிழ் கற்றவர் எத்துணைப் பேர் ஒரு வெண்பாவேனும் பிழையின்றி யாப்போம் என்பதை எண்ணுங்கால், நாணமும் வியப்பும் ஒருங்கே தோன்றுகின்றன.

அவர் இயற்றியவை பல. கொடுந்தமிழ் எனப்பட்ட பேச்சு வழக்கிற்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் 1728-இலும், எழுத்து முதலாகிய ஐந்திலக்கணமும் அடங்கிய தொன்னூல் விளக்கம் 1730-இலும், பெயர் பொருள் தொகை தொடை என நாற்பகுதியாகிய சதுரகராதி 1732-இலும் முற்றுப்பெற்றன. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். பரமார்த்த குரு கதை சிறுவரும் அறிந்தது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்து வடிவிலேயே பிரித்துக் காட்டும் முறையும் அவர் வகுத்ததாகவே நூலோர் கூறுவர். 1747-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அவர் உயிர் நீத்தார் என்பது இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலை எடுக்கப்பெற்றது.

கோயில் எழுந்த கதை

கோணான்குப்பத்துக் கோயில் எழுந்தமைபற்றி ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. முனிவர் வழிப்பயணத்தில் கன்னி மரியாளின் திருவுருவம் கொண்டு இக்காட்டு வழியே போந்தனராம். களைத்து ஒரு மரநிழலில் உறங்கியபோது, ஆடுமாடு மேய்க்கும் சிறுவர் உருவமொன்றை எடுத்து மறைத்து வைத்தனராம். அக்காலத்தில் முகாசாபரூரில் பாளையக்காரராக இருந்தவர் கச்சிராயர் என்பவர். மகப்பேறின்றி வருந்திய அவர் கனவில் அன்னை தோன்றி, காட்டில் இருக்கும் தன்னைக் கண்டெடுத்து ஒரு சிறு கோயில் கட்டினால் மகவு அருளுவதாகக் கூறினள் என்றும், அவ்வாறே அவர் செய்து மகப்பெற்றனர் என்றும், பின்னர் இதனைக் கேள்வியுற்ற முனிவர் மீண்டும் போந்து கோயிலைப் பெருக்கி அமைத்தனர் என்றும் கூறுவர்.

இக்கதையை வரலாறு என்று யான் கூறவில்லை. பொய் என்று தள்ளவும் துணியேன். மேய்ப்பர் உருவத்தைக் கண்டெடுத்தலும், தலைவன் கனவு காண்டலும், மகவின்மை நீங்கலும் நம் நாட்டுத் தலபுராணங்கள் பலவற்றிற்கும் பொதுவாயவை. எனவே, கதையின் உறுப்புக்கள் பழைய அச்சில் வார்த்தவை எனலாம். ஆயினும் அதனுள் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுளது. இக்கதையில் முதற்கண் கோயில் எடுப்பவர் அயல்நாட்டு முனிவர் அல்லர்; அவ்வூர்ப் பக்கத்துத் தலைவர். உருவத்தை முதலில் தம்முடையதாக்கிக் கொண்டவரோ மேய்ப்புச் சிறுவர். கோயில் எங்கட்குப் பிறர் தந்தது மட்டும் அன்று, யாங்களே கண்டெடுத்தது என்று ஊர் தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் சொல் இக்கதை.

பெயரும் உடையும்

இனி, இக்கோயிலின் உண்மையான செல்வம் யாது எனின், இரண்டு கூறலாம். ஒன்று அன்னையின் பெயர். மற்றொன்று அன்னையின் உடை.

அன்னைக்குப் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் என்னும் முதுகுன்றத்தில் பழமலைநாதர் கோயில் கொண்டிருக்கும் இறைவிக்கும் அதுவே பெயர். அப்பெயர் அந்நாட்டார் செவிக்குப் புதிதன்று. தாய்மார் தம் மகளிர்க்கு இட்டு வழங்கிய பெயர். துன்பம் வந்துழி வாய் தானே அழைத்த பெயர். முனிவர் இலத்தீன் வழக்கினின்று ஒரு பெயரைப் பெயர்த்தெழுதி அவ்வூரார்மீது சுமத்தவில்லை. பக்கத்து மண்ணில் மக்கள் நாவில் மணந்துகொண்டிருந்த சொல் ஒன்றையே எடுத்துத் தம் அன்னைக்குச் சூட்டினார். ஏலாக்குறிச்சியிலும் அவர் இவ்வாறே செய்தார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்றும், அங்குள்ள அன்னைக்கு அடைக்கல மாதா என்றும் பெயர் வழங்கினார். அவ்வூர்மேற் கலம்பகம் பாடினார். கோணான்குப்பத்தையும் ஆரியனூர் என வழங்கினார் என்ப.

உடையின் செய்தி இதனினும் சுவை மிக்கது. இங்குள்ள அன்னை ஐரோப்பிய ஓவியர் தீட்டும் நீல மேலாடை அணிந்தவள் அல்லள். தமிழ் மகளிர்போற் புடைவை உடுத்துக் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியவள். முனிவர் தாமே தமிழ்நாட்டு உடை அணி தோன்ற ஓர் உருவம் வரைந்து, அதனை மணிலா நகரத்திற்கு அனுப்பி, அவ்வண்ணமே சிலை செய்வித்து வருவித்தார் என்பது வழக்கு. மணிலா எங்கே, விருத்தாசலத்துச் செம்மண் எங்கே என்று முதலிற் கேட்போர்க்கு இது கட்டுக்கதைபோல் தோன்றும். எனினும் அக்காலக் கடல்வாணிகம் அறிந்தார்க்கு இஃது இயலாத செய்தி அன்று. பிலிப்பைன் தீவுகளின் தலைநகராகிய மணிலா 1571 முதல் இசுப்பானியர் கையில் இருந்தது. அங்குத் திருவுருவம் செதுக்குவதில் தேர்ந்த கம்மியர் பலர் இருந்தனர். அவருட் சீனரும் பலர். சோழமண்டலக் கரையின் துறைகளினின்று துணி ஏற்றிய மரக்கலங்கள் மணிலாவிற்குச் செல்லுதல் அந்நூற்றாண்டில் வழக்கமாயிருந்தது. நம் சிதம்பரத்திற்கு அணித்தாகிய பரங்கிப்பேட்டையும் அவ்வாணிகம் நிகழ்ந்த துறைகளுள் ஒன்று. துணி சென்ற வழியே சிலை வருதல் அரிதன்று.

ஆக, இத்தாலியர் ஒருவர் தமிழ்ப் பெண்ணின் உருவம் வரைய, இசுப்பானியர் ஆண்ட தீவில் அது சிலை வடிவம் பெற, தென்னார்க்காட்டுச் சிற்றூர் ஒன்று அதனைத் தன் தாயென ஏற்றது என்பது வழக்கின் சாரம். சிறு கோயில் என்று நாம் எளிதில் நினைக்கின்றோம். அதன் வாயிலில் மூன்று கடல்கள் வந்து கூடியுள்ளன.

அக்காலத்து வழக்கு

புடைவை உடுத்திய திருவுருவம் இன்று நமக்குப் புதுமையாய்த் தோன்றாது. முனிவர் காலத்திலோ அது வாளின் விளிம்பில் நடப்பதை ஒத்த செயல். இந்நாட்டு மக்கள் கிறித்துவராகுங்கால் தம் உடை, பெயர், திலகம், திருமணச் சடங்கு முதலியவற்றையும் துறத்தல் வேண்டுமோ, அன்றி அவற்றை வைத்துக்கொண்டே கிறித்துவராதல் கூடுமோ என்னும் வினா அப்பொழுது உரோமாபுரி வரை எழுந்து வழக்காடப்பட்டுக் கொண்டிருந்தது. 1606-இல் மதுரைக்குப் போந்த இராபர்ட்டு தே நொபிலி என்னும் தத்துவ போதகர், காவியுடுத்து, இந்நாட்டுத் துறவியர்போல் வாழ்ந்து, வைத்துக்கொள்ளல் கூடும் என்று காட்டினார். 1623-இல் போப்பரசர் அவர் கொள்கைக்குப் பெரும்பாலும் இசைவு அளித்தார். ஆயினும் புதுவைக்கு வந்த தூர்நோன் என்னும் திருத்தந்தையின் தூதர் 1704-இல் அவ்வழக்கங்களுட் பலவற்றை விலக்கி ஆணை பிறப்பித்தார். நாற்பது ஆண்டுகள் வாதம் நிகழ்ந்தபின், 1744-இல் போப்பரசர் பதினான்காம் பெனதிக்து அவ்வாணையைப் பெரும்பாலும் உறுதிசெய்து முடிவு கூறினார்.

1704-இல் எழுந்த ஆணைக்கும் 1744-இல் வந்த முடிவிற்கும் இடைப்பட்ட ஆண்டுகளே வீரமாமுனிவர் தமிழ்நாட்டிற் பணியாற்றிய ஆண்டுகள் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். உரோமையிற் கற்றோர் ஏடு ஏடாக வாதிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மறுமொழி நூல் எழுதி அடங்கவில்லை. தமிழ்ப் பெயரும் தமிழ் உடையும் உடைய அன்னை ஒருத்தியைக் காட்டுச் சிற்றூரில் நிறுத்தினார். கண்டோர் எவரும் அவளை அயலாள் என்று கூறவில்லை. அதுவே அவர் விடை எனலாம்.

கோயிலும் காப்பியமும்

தேம்பாவணி 1726-இல் முற்றுப்பெற்றது. மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் மூவாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து பாடல்களும் உடையது. காப்பியத் தலைவர் புனித சூசையப்பர். அவர்க்கு முனிவர் இட்ட பெயர் வளன். யோசேப்பு என்னும் எபிரேயச் சொல் பெருகுதல் என்னும் பொருள்பட நிற்றலின், அப்பொருளையே தமிழாக்கி வளன் என்றார். வாடாத மாலை எனவும், தேன்போன்ற பாக்களாலாகிய அணி எனவும் நூற்பெயர் இருபொருள் பயக்கும்.

நூலின் தொடக்கத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் உள. யூதேயா நாடு மலையும் வறண்ட நிலமும் மிக்கது. முனிவர் அதனை நெல் விளையும் நாடாக, மருத வளம் செறிந்த நாடாகப் பாடினார். இதனை அறியாமை என்று சிலர் நகுவர். சிந்தாமணியும் கம்பர் காவியமும் கற்றுத் தேர்ந்தவர், விவிலியத்தை நாளும் ஓதியவர், யூதேயாவின் இயல்பை அறியாமற் பாடினார் என்றல் பொருந்தாது. மரியாளுக்குப் புடைவை உடுத்த அதே கை, யூதேயாவிற்கு மருத நிலத்தையும் உடுத்தது. கோயிலில் அவர் மரத்தாலும் வண்ணத்தாலும் செய்வித்ததைக் காப்பியத்திற் சொல்லாலும் யாப்பாலும் செய்தார். இரண்டும் ஒரே துணிவின் இரு வடிவங்கள். பெரியநாயகிக்குச் சாத்திய மாலையே தேம்பாவணி என்று கோணான்குப்பத்தார் கூறுவர். காவியம் பாடிய இடம் தம் ஊரே என்று சொல்லும் ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. எவ்வூர் வழக்கு வெல்லினும், மேற்கூறிய உறவு மாறாது.

வழக்கிற்குச் சான்று

இவற்றுள் எது உறுதி, எது வாய்வழக்கு என்று பிரித்தறிதல் மாணாக்கர் கடன். முனிவர் பிறந்த நாளும், அவர் சபையிற் சேர்ந்த ஆண்டும், நூல்கள் முற்றிய ஆண்டுகளும் உறுதியானவை. கோயில் கதைகளோ பெரும்பாலும் ஒருவர் முயற்சியால் எழுத்தேறியவை. எல்லீசு துரை எனப்பட்ட பிரான்சிசு வைட்டு எல்லீசு, முனிவர் நூல்களின் ஏட்டுப்பிரதிகளைத் தேடித் தொகுக்குமாறு, சென்னைக் கோட்டைக் கல்லூரியில் இருந்த புதுவை முத்துசாமிப் பிள்ளையை 1816-இல் அனுப்பினார். பிள்ளை தென்னாட்டு ஊர்களில் அலைந்து ஏடுகளைத் திரட்டினார். அங்கங்கே முதியோர் கூறியவற்றையும் கேட்டு, முனிவர் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 1840-இல் வெளிவந்தது. முனிவர் மறைந்து எழுபது ஆண்டுகள் கழிந்தபின் எழுந்த சரித்திரமாதலின், அதனுட் கூறிய சிலவற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். ஐயுறுதல் தக்கதே. எனினும் பிள்ளை அலைந்து கேளாதிருந்தால், இன்று ஐயுறுவதற்கேனும் நம் கையில் ஒன்றும் இராது.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1776-இல் அவர்கள் பணி பாரிசு நகரத்து வேதபோதக சபையார் கைக்கு மாறிற்று. குருமார் மாறினர், நாடாண்டோர் மாறினர், போர்கள் இந்நிலத்தை மிதித்துச் சென்றன. தேம்பாவணி ஏட்டிலேயே நெடுங்காலம் கிடந்து, 1851 முதல் 1853 வரை புதுவையில் மூன்று பகுதிகளாக அச்சேறிற்று. அதுவரை கோயிலைக் காத்தவர் யார்? புலவரல்லர். ஆண்டுதோறும் விழாவிற்கு வண்டி கட்டி வந்தவரும், விளக்கிற்கு எண்ணெய் ஊற்றியவரும், கதையைப் பேரப்பிள்ளைகட்குச் சொன்ன பாட்டிமாருமே காத்தனர்.

ஒரு முதியவர் கேட்ட கேள்வி

யாங்கள் கோயிலைச் சுற்றிப் பார்த்துப் புறத்தே மரநிழலில் அமர்ந்திருந்தபோது, வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் எம்மருகில் வந்திருந்தார். எவ்வூர், யார் பிள்ளைகள் என்று வினவியபின், யாங்கள் தமிழ் பயில்வோர் என அறிந்து முகம் மலர்ந்தார். மேய்ப்புச் சிறுவர் கதையையும் கச்சிராயர் கனவையும் நேரிற் கண்டவர்போல் எடுத்துரைத்தார். பின்னர், “தம்பி, நம் தாயார்மேல் சாமியார் பெரிய பாட்டு ஒன்று கட்டினாராமே, நீங்கள் படித்திருப்பீர்களே, ஒன்று சொல்லுங்கள், கேட்போம்” என்றார்.

என் தோழர் என்னை நோக்கினார். யான் அவரை நோக்கினேன். தேம்பாவணியின் காண்டம், படலம், பாடல் ஆகிய தொகைகள் எனக்குத் தெரியும். காப்பிய இலக்கணம் அதன்கண் அமைந்தவாற்றைப் பத்துப் பக்கம் எழுதவும் தெரியும். தேர்வில் அதற்கு நல்ல எண்ணும் பெற்றவன். ஆயினும் அவ்வம்மையார்க்கு முழுப்பாடல் ஒன்று வாய்விட்டுச் சொல்ல என்னால் இயலவில்லை. முதலடி வந்தது, இரண்டாமடி வந்தது, மேலே வரவில்லை. “அதற்கென்ன தம்பி, அடுத்த தடவை வரும்போது சொல்லுங்கள்” என்று அவர் ஆறுதல் கூறினார். அவ்வாறுதல் எனக்கு எந்த ஆசிரியர் கடிந்துரையினும் கடுமையாய் இருந்தது.

மேலைக்கடல் ஓரத்தில் ஒரு கோயில்

திரும்பி வரும் வழியில், யான் படித்திருந்த வேறொரு சிறு கோயிலின் வரலாறு நினைவிற்கு வந்தது. பிரெஞ்சு நாட்டின் மேற்கே, அத்திலாந்திக்கு மாகடலின் ஓரமாகப் பிரெத்தாஞ் என்னும் நிலப்பகுதி உளது. அங்கு வாழ்வோர்க்குப் பிரெத்தோன் எனத் தனிமொழி உண்டு. பள்ளியில் அம்மொழி பேசிய சிறார் ஒறுக்கப்பட்ட காலமும் ஒன்றிருந்தது. அந்நாட்டுச் சிற்றூர்களில் எண்ணிறந்த சிறு கோயில்கள் உள. ஆண்டில் ஒரு நாள் அக்கோயிலில் ஊர் கூடி வலம் வந்து வழிபடும்; அவ்விழாவிற்கு மன்னிப்பு என்னும் பொருள்படும் பார்தோன் என்று பெயர்.

அக்கோயில்களுள் ஒன்று வியே மார்ஷே என்னும் ஊரையடுத்த எழு புனிதர் கோயில். 1703 முதல் 1714 வரை அது கட்டப்பெற்றது. நம் முனிவர் கோவாவில் வந்திறங்கிய காலமும் ஏறக்குறைய அதுவே. அக்கோயிலின் ஒரு பகுதி, வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தர் பெருங்கற்களை நிறுத்தி மூடிய கல்திட்டை ஒன்றன்மேல் நிற்கின்றது. கட்டியவர் அப்பழங்கற்களைப் பெயர்த்தெறியவில்லை. அவற்றையே கோயிலின் நிலவறையாக்கி, எபேசு நகர்க் குகையில் நெடுங்காலம் துயின்றெழுந்தனர் எனப்படும் எழுவரின் உருவங்களை அங்கு வைத்தனர். அவ்வெழுவர் கதை குர்ஆனிலும் குகை என்னும் பெயருடைய அத்தியாயத்தில் வருகின்றது. அதனால், லூயி மாசிஞோன் என்னும் பேரறிஞர் 1954-இல் இசுலாமியரையும் அவ்விழாவிற்கு அழைத்தார். அன்று முதல் இரு சமயத்தாரும் அங்குக் கூடும் வழக்கம் ஏற்பட்டது.

பழைய தெய்வத்தின் பெயர் கோணான்குப்பத்தில் அன்னையின் பெயராயிற்று; பழைய கல்லறை பிரெத்தாஞ் நாட்டில் கோயிலின் அறையாயிற்று. இவ்வொற்றுமை கருதத்தக்கது. எனக்கு அதனினும் பெரிதாய்த் தோன்றியது வேறொன்று. அவ்வெழுவர் கதையைக் கூறும் நெடும்பாட்டு ஒன்று பிரெத்தோன் மொழியில் உண்டு. சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டில் லுசெல் என்பார் அதனை ஊரார் வாயினின்று கேட்டு எழுதிவைத்தார். அப்பாட்டு நூல்நிலையத்தில் மட்டும் கிடவாது, விழாவில் அக்கோயிலிலேயே பாடப்பெற்று வருகின்றது. அங்கே பாட்டும் கோயிலும் ஒருங்கிருக்கின்றன. பாட்டு அறிந்தவர் கோயிலை அறிவர். கோயிலுக்கு வருவோர் பாட்டையும் கேட்பர்.

நமது பங்கு

நம் நாட்டிலோ இச்செல்வம் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றது. காப்பியம் கல்லூரிக்கு வந்தது. கோயில் ஊரில் நின்றது. நாம் காப்பியத்தைப் படித்துக் கோயிலை மறந்தோம். அவர்கள் கோயிலைக் காத்துக் காப்பியத்தைக் கேளாதிருக்கின்றனர். ஒருவரிடம் விளக்கும் மற்றொருவரிடம் எண்ணெயும் இருந்து, இருவரும் இருளில் இருத்தல் போலும் இஃது. இதில் மிகுந்த குறை நம்முடையதே. அவர்கட்கு இட்ட பணியை அவர்கள் இருநூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாகச் செய்துவந்துள்ளனர். நம் பணியையோ நாம் இன்னும் தொடங்கவில்லை.

அன்பர்காள்! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; கழகம் நிறுவலும் வேண்டுவதில்லை. நம் தமிழ் மாணாக்கர் பதின்மர், தேம்பாவணியினின்று ஆளுக்கு ஐந்து பாடல் பிழையின்றி நெஞ்சிற் பதித்து, சனவரித் திங்கள் விழாவின்போது அவ்வூர்க்குச் சென்று, கேட்க விரும்புவோர்க்கு ஓதிப் பொருளும் கூறுதல் அமையும். அவர்களிடமிருந்து கதைகளையும் வழக்குகளையும் கேட்டு எழுதி வருதலும் கூடும். முத்துசாமிப் பிள்ளை தனியராய் அலைந்து செய்த பணியின் எச்சம் நமக்கு உளது. ஏட்டிலுள்ளது நாவிற்கும், நாவிலுள்ளது ஏட்டிற்கும் செல்லுமாயின், பிரிந்தவை மீண்டும் கூடும்.

இக்கட்டுரை எழுதி முடிக்கும் இந்நாளில் எனக்கு எட்டுப் பாடல்கள் முழுதும் பாடமாகியுள்ளன. அம்மையார் என்னை நினைவில் வைத்திருப்பாரோ இல்லையோ, அறியேன். எனினும் வரும் பொங்கல் விடுமுறையில் சிதம்பரத்தினின்று அம்மேற்கு வழியே மீண்டும் செல்ல எண்ணியுள்ளேன். உடன்வர விரும்பும் அன்பர் இப்பொழுதே பாடல்களைத் தேர்ந்துகொள்வாராக.